வலப்பக்கத்து விளக்கு

விளக்குத்தூண் அருகே அப்துல் லத்தீப்பின் அத்தர்க் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த பெண் அப்படி வரவில்லை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வயிற்றைப் பார்த்தால் பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும் போலிருந்தது.

"துப்புத் துலக்கித் தர்ற பாய் நீங்கதானா?" என்று கேட்டாள்.

லத்தீப் வாயைத் திறப்பதற்குள், கடைக்குள் உட்கார்ந்திருந்த இன்பசேகரன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, "இவரேதாம்மா, மொதல்ல உக்காருங்க" என்றார்.

இன்பசேகரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பாய் கடையில்தான். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு அத்தர் வாங்கியவர் இல்லை. ஆனால் ஊரில் எவன் வீட்டிலாவது களவு போனால், களவு கொடுத்தவனுக்கு முன்னால் இவருக்குத் தூக்கம் போய்விடும். லத்தீப் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். மேலதிகாரிகளுக்குக் கூழைக்கும்பிடு போட்டு அலுத்துப்போய் வேலையை உதறியவர். பேச்சு குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் ஆண்டவன் தம்மை அனுப்பியிருக்கிறான் என்பது இன்பசேகரனின் திடமான நம்பிக்கை.

வந்தவள் பெயர் பாக்கியம். அவள் கணவன் ஞானமுத்து, ஆனையூரில் பஞ்சு மில் முதலாளி உக்கிரபாண்டி வீட்டில் கார் டிரைவர்.

"நேத்துக் காலையில அவரைப் போலீஸ்ல புடிச்சுட்டாக பாய். யாரோ ஒரு மனுசனைக் கார்ல அடிச்சுப் போட்டுட்டு நிக்காம ஓடிட்டாருன்னு சொல்றாக. அவரு காரைத் தொடவே இல்ல. என்னையத் தாய் வீட்டுல விடுறதுக்கு வியாழக்கெழமை மத்தியானமே லீவு கேட்டு, பஸ்ஸுல சமயநல்லூருக்குக் கூட்டிட்டு வந்தாரு. ராத்திரி எங்க வீட்டுலதான் சாப்பிட்டுப் படுத்தாரு. அதைச் சொன்னா, நீ பொண்டாட்டி, நீ அப்படித்தான் சொல்லுவேங்குறாக."

"அடிபட்டது எங்கே?" என்று கேட்டார் லத்தீப்.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுதான் பாய் எங்க கெட்ட நேரம். சமயநல்லூர் ரோட்டுலதான்."

இன்பசேகரன் உச்சுக் கொட்டினார். லத்தீப் அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் சத்தம் பாதியிலேயே நின்றது.

"ஜெயில்ல போட்டுருவாகளாம். லைசென்ஸையும் புடுங்கிருவாகளாம். புள்ள பொறக்கும்போது அப்பன் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"தங்கச்சி, நீ வீட்டுக்குப் போய்ப் படு. நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்" என்றார் லத்தீப்.

"நாங்க போய்ப் பார்த்துட்டு வாரோம்" என்று திருத்தினார் இன்பசேகரன்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டருக்கு லத்தீப்பிடம் பழைய மரியாதை இருந்தது. பெஞ்சைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். ஆனால் கேஸ் முடிந்த கேஸ் என்றார்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்து இருட்டும் வேளையில் மொக்கையன் என்கிற ஆட்டு வியாபாரி ரோட்டோரம் நடந்து வந்திருக்கிறான். எதிரே வந்த கார் அவனைத் தட்டி வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ரோட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் போலீஸார் பொறுக்கி வந்தார்கள். வரிவரியாகக் கோடு போட்ட கனத்த கண்ணாடி. அந்தத் தினுசுக் கண்ணாடி வைத்த அமெரிக்கக் கார் இந்தப் பக்கத்தில் உக்கிரபாண்டி ஒருவரிடம்தான் உண்டு. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், காரின் இடப்பக்கத்து விளக்கில் கல்லடி பட்டு மங்கிய பழைய கண்ணாடி. வலப்பக்கத்து விளக்கில் புத்தம் புதுக் கண்ணாடி, உள்ளே புது பல்பு.

"ராத்திரியோட ராத்திரியா வீட்டுல வச்சே மாத்தியிருக்கான் பாய். ஷெட்டுல ஸ்பேர் இருந்திருக்கு. அந்த வீட்டுல பல்பு மாத்தத் தெரிஞ்சவன் டிரைவர் ஒருத்தன்தான்னு உக்கிரபாண்டி அய்யாவே சொல்றார். காரைக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்னு புகார் குடுத்ததும் அவர்தான். அவர் யாரு தெரியுமில்ல? ஆனரரி மாஜிஸ்திரேட். விளக்கில்லாம வர்ற மாட்டு வண்டிக்காரனுக்கெல்லாம் அபராதம் போடுறவர். அவர் சொல்லை நான் எப்படித் தட்டுறது?"

"அடிபட்டவன் என்ன சொல்றான்?"

"ஒத்தை வெளிச்சம்தான் தெரிஞ்சுச்சாம். மோட்டார் சைக்கிள்னு நெனச்சு ஒதுங்கி நின்னேங்குறான். ஒதுங்குன பக்கத்துலதான் காரோட இருட்டுப் பாதி வந்திருக்கு. ஓட்டுனவன் மூஞ்சியைப் பாக்கல."

லாக்கப்பில் ஞானமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்ல உயரம், நிமிர்ந்தால் மேல் கம்பியில் தலை இடிக்கும். கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான்.

"வலது பல்பு வியாழக்கெழமை காலையிலேயே அவிஞ்சு போச்சு பாய். மொதலாளிகிட்டச் சொன்னேன். ஷெட்டு அலமாரியில ரெண்டு புது பல்பும் ஒரு கண்ணாடியும் இருக்கு, நாளைக்கு வந்து மாட்டிருறேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். நேத்துக் காலையில வேலைக்கு வந்தா ஷெட்டு வாசல்ல போலீஸு. காருகிட்டக்கூட என்னைய விடல."

"இடது பல்பு?"

"அது பொங்கலுக்கு முந்தி நான் மாத்துனது."

"அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் யார் யார்?"

ஞானமுத்து தரையைப் பார்த்தான். "மொதலாளி மகன் காளைத் தம்பிக்குத் தெரியும். நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

"வேறே யாருக்கும்?"

"தெரியாது பாய்" என்றான். தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் இன்பசேகரன் லத்தீப்பின் தோளைத் தட்டினார். "காளை! வேற யாரு? பணக்கார வீட்டுப் பிள்ளை, கார் சாவி, சாயங்கால நேரம். நம்ம வேலை முடிஞ்சது பாய்."

"நம்ம வேலை இன்னும் ஆனையூருக்கே போகலை வாத்தியாரே" என்றார் லத்தீப். ஜட்கா வண்டி ஒன்றைக் கைதட்டி நிறுத்தினார்.

உக்கிரபாண்டியின் வீடு புதுப் பணத்தில் கட்டிய பெரிய வீடு. அவர் குள்ளமான, உருண்டையான மனிதர். கட்டை விரலில் மஞ்சள் துணிச் சுற்று ஒன்று இருந்தது. லத்தீப் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

"தாராளமாப் பாருங்க பாய். மடியில கனமில்லை, வழியில பயமில்லை. டிரைவர் பய நல்லவன்னுதான் நானும் நெனச்சேன். என்ன செய்ய? சட்டம் சட்டந்தான். டேய் காளை, இவுகளை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

கூடத்தின் வழியாகத்தான் ஷெட்டுக்குப் போக வேண்டும். ஒரு மூலையில் புது ரேடியோப் பெட்டி இருந்தது; அதன் நெற்றியில் காசளவு சந்தனம், சரியாக நடுவில் குங்குமம். ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினுக்கும் அதே மாதிரிப் பொட்டு. சுவரில் மாட்டியிருந்த டென்னிஸ் மட்டையின் பிடியில்கூட ஒன்று. இன்பசேகரன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

காளையும் சிரித்தான். அப்பாவைப் போல இரண்டு மடங்கு உயரம் அவன். "எங்க அம்மா வேலை சார். புதுசா எது வாங்குனாலும் சாமி முன்னாடி வச்சுப் பொட்டு வச்சாத்தான் கையில குடுக்கும். இந்த மட்டையோட மொதல் நாள் காலேஜுக்குப் போனேன், பயலுக எல்லாம் மட்டைக்குக் கும்புடு போட்டானுக."

ஷெட் பின்புறம் இருந்தது. லத்தீப் முதலில் காளையை விளக்குகளைப் போடச் சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சங்கள் விழுந்தன. இடப்பக்கத்து வெளிச்சம் ஒரே சீராக, உருண்டையாக இருந்தது. வலப்பக்கத்து வெளிச்சத்தின் நடுவில் இருட்டாக ஒரு வட்டம், சுற்றிலும் வளையம்.

"பல்பு சரியான ஆழத்தில் உக்காரலை. முன்னே பின்னே நகர்த்தி வைக்கணும்" என்றான் காளை. "ஞானமுத்து அண்ணே எப்பவும் சுவத்துல அடிச்சுப் பாத்துத்தான் வைப்பாரு. அவசரத்துல விட்டுட்டார் போல."

லத்தீப் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, திருப்புளியை வாங்கி இடப்பக்கத்து விளக்கின் வளையத்தைக் கழற்றினார். உள்ளே வெள்ளிப்பூச்சுப் பூசிய கிண்ணம் கண்ணாடிபோல் பளபளத்தது. விரல் பட்ட தடம் ஒன்றும் இல்லை. பல்பை அமுக்கித் திருப்பி வெளியே எடுத்து, அதன் பித்தளை அடிப்பாகத்தைத் துணியால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

பிறகு வலப்பக்கம். இங்கே கிண்ணம் முழுக்க எண்ணெய்ப்பசையோடு விரல் தடங்கள். பல்பின் பித்தளையில், விளிம்பை ஒட்டி, காய்ந்துபோன மங்கல் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அதன் நடுவில் சிவப்பு.

"துருப் பிடிச்சிருக்கு" என்றார் இன்பசேகரன்.

"பித்தளை எப்போது துருப் பிடித்தது வாத்தியாரே?" லத்தீப் அதை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. பல்பைப் பழையபடி மாட்டிவிட்டு அலமாரியைத் திறந்தார். இரண்டு பல்பு கொள்ளும் அட்டைப் பெட்டியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தார். அதன் அடிப்பாகத்தில் எதுவும் இல்லை.

கடைசியாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார். முன் இருக்கைக்குக் கீழே ஒரு சின்னத் திண்டு கிடந்தது. அதை எடுத்து ஓட்டுகிறவர் இருக்கையின் முதுகுப்பக்கம் வைத்து, "தம்பி, கொஞ்சம் ஏறி உக்காருங்க" என்றார்.

காளை ஏறினான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. "திண்டை எடுத்துட்டாத்தான் உக்கார முடியும் பாய். இது யாரு வச்சது?"

"டிரைவர் மத்தியானம் தூங்குறதுக்கு வச்சிருப்பான்" என்றார் இன்பசேகரன்.

லத்தீப் திண்டை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

திரும்பும்போது ஜட்காவில் இன்பசேகரன் தமது முடிவை விரித்தார். குதிரைகூடக் காதைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு விரித்தார். "பல்பு சரியா உக்காரலைன்னு அவனே சொல்றான் பாருங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம்! தான் செஞ்ச தப்பைத் தானே எடுத்துக் காட்டிட்டு, பழியை டிரைவர் அவசரத்து மேல போடுறான்."

"தப்பு செய்தவன் அதை எடுத்துக் காட்டுவானேன்? நாம் கவனிக்கவே இல்லையே. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமே."

"அப்போ டிரைவரேதானா?" இன்பசேகரனின் குரல் இறங்கிவிட்டது. பாக்கியத்தின் முகம் அவர் கண்ணில் வந்து நின்றிருக்க வேண்டும்.

"நாளைக் காலையில் சப்-இன்ஸ்பெக்டரை ஞானமுத்துவோடு ஆனையூருக்கு வரச் சொல்லப்போகிறேன். நீங்கள் பாக்கியத்தை அழைத்து வாருங்கள்."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் மாதா கோயிலுக்குப் போகணுமே."

"அப்படியானால் வேண்டாம். நான் வேறு யாரையாவது அனுப்புகிறேன்."

"முதல் பூசைக்குப் போயிட்டு வந்துருவேன்" என்றார் இன்பசேகரன் அவசரமாக.

மறுநாள் காலை கார் ஷெட்டுக்குள் எல்லோரும் கூடினார்கள். ஞானமுத்து இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நின்றான். பாக்கியத்துக்கு ஒரு முக்காலி போட்டார்கள். உக்கிரபாண்டி சரிகை வேட்டி கட்டிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாஜிஸ்திரேட்டைக் கூப்பிட்டு வைத்து விசாரிக்கிறோமே என்று சப்-இன்ஸ்பெக்டருக்கு வியர்த்து வழிந்தது. காளை காரில் சாய்ந்து நின்றான்.

"வீட்டம்மாவும் வந்தால் நல்லது" என்றார் லத்தீப்.

"பொம்பளைக்கு இதுல என்ன வேலை?" என்று உக்கிரபாண்டி கேட்டார். ஆனால் காளை அதற்குள் உள்ளே போய் அம்மாவை அழைத்து வந்துவிட்டான். ஒச்சம்மாள் கதவோரம் நின்றாள். முக்காலியில் இருந்த பாக்கியத்தைப் பார்த்ததும், "எத்தனாவது மாசம் தாயி?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒம்பது" என்றாள் பாக்கியம்.

லத்தீப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் கேஸ் ஒரே ஒரு பேச்சின் மேல் நிற்கிறது. இந்த வீட்டில் பல்பு மாற்றத் தெரிந்தவன் டிரைவர் ஒருவன்தான், ஆகவே மாற்றியவன் அவன்தான் என்கிற பேச்சு. சரி, பல்பையே கேட்டுப் பார்ப்போம். இடது பல்பு ஞானமுத்து மாற்றியது. கிண்ணத்தில் விரல் படவில்லை, வெளிச்சம் சீராக விழுகிறது. வலது பல்பை மாற்றியவர் கிண்ணம் முழுக்கக் கையை வைத்திருக்கிறார், பல்பைச் சரியான ஆழத்தில் வைக்கவும் இல்லை. வேலை தெரிந்தவன் கை இது இல்லை."

"அவசரத்துல செஞ்சிருப்பான்" என்றார் உக்கிரபாண்டி.

"இருக்கலாம். அதனால் அதை மட்டும் நான் நம்பவில்லை." லத்தீப் வலது விளக்கிலிருந்து பல்பைக் கழற்றிச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "அடியில் பாருங்கள். மோந்தும் பாருங்கள்."

சப்-இன்ஸ்பெக்டர் மோந்தார். "சந்தனம் மாதிரி இருக்கே."

"சந்தனம்தான். பச்சைக் கற்பூரம் சேர்த்து அரைத்தது. நடுவில் குங்குமம். நாள் முழுக்க வாசனைகளோடு இருக்கிறவன் நான், இதில் ஏமாற மாட்டேன். கடையில் வைத்துக் கொடுத்தார்களோ என்றால், இதே பெட்டியில் இருக்கிற இன்னொரு பல்பில் இல்லை. டிரைவர் வைத்தானோ என்றால், அவன் மாற்றிய இடது பல்பிலும் இல்லை. ஞானமுத்து வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன்; பல்புக்குப் பொட்டு வைப்பது அவன் வீட்டு வழக்கம் இல்லை. இது இந்த வீட்டு வழக்கம். ரேடியோவில் இருக்கிற அதே மாதிரி, அதே கை."

இன்பசேகரன் காளையை முறைத்தார். காளை வாயைப் பிளந்துகொண்டு பல்பையே பார்த்தான்.

"குத்தத்தை மறைக்கிறவன் நின்னு நிதானமாப் பொட்டு வைப்பானா பாய்?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பயந்தவன்தான் கட்டாயம் வைப்பான். அப்போதுதான் ஒரு மனிதனை அடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்த வண்டிக்குப் புதுசாக ஒன்றை மாட்டும்போது, பொட்டில்லாமல் மாட்ட அவன் கை துணியுமா? இன்னொரு கெடுதல் வந்துவிடுமோ என்றல்லவா நடுங்கும்? மனிதர் கண்ணிலிருந்து மறைக்கத்தான் அந்த பல்பை மாட்டினான். சாமியிடம் காட்டாமல் மாட்ட முடியவில்லை."

லத்தீப் காருக்குள்ளிருந்து திண்டை எடுத்தார்.

"இது முன் இருக்கைக்குக் கீழே கிடந்தது. முதுகுக்கு இதை வைத்தால் ஞானமுத்துவுக்கும் காளைக்கும் ஸ்டியரிங் முழங்காலில் இடிக்கும். கால் எட்டாத ஒருவருக்குத்தான் இது வேண்டும். நேற்று ஞானமுத்துவிடம், காளையைத் தவிர வேறு யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவன், அதற்கு மட்டும் தரையைப் பார்த்தான். யாரோ ஒருவரைக் காப்பாற்றுகிறான் என்று தெரிந்தது. யாரை என்று நான் சொல்லப்போவதில்லை." அவர் கதவோரம் திரும்பினார். "அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை போலீஸ் வருவதற்கு முன்னால் இந்த பல்புக்குப் பொட்டு வைத்தது நீங்கள்தானே? இதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது யார்?"

ஒச்சம்மாளின் கை சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டது. கணவரைப் பார்த்தாள்.

உக்கிரபாண்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஞானமுத்துதான குடுத்தான்? காலங்காத்தால வந்து குடுத்துட்டுப் போனான்னு சொன்னியே. சொல்லு ஒச்சம்மா. பயப்படாம சொல்லு."

அந்தக் கணத்தில் கேஸ் முழுவதும் அவள் நாக்கில் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லத்தீப்பின் பொட்டும் திண்டும் காற்றோடு போய்விடும். சப்-இன்ஸ்பெக்டருக்கும் அது தெரிந்தது. பாக்கியம் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

ஒச்சம்மாள் அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தாள்.

"இந்தப் புள்ள குடும்பத்தைக் கெடுக்குறதுக்குத்தான் அதுன்னு தெரிஞ்சிருந்தா நான் பொட்டு வச்சிருக்கவே மாட்டேன்" என்றாள். "அவுகதான் கொண்டாந்தாக. சாமி வெளக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன். 'புதுசு, பொட்டு வையி'ன்னு நீட்டுனாக. ஞானமுத்து வரவே இல்ல. சாமி முன்னாடி வச்ச கையி இது. இதை வச்சுக்கிட்டு என்னால பொய் சொல்ல முடியாது."

"அப்பா!" என்றான் காளை.

உக்கிரபாண்டி கட்டை விரலில் சுற்றியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு பொத்தென்று உட்கார்ந்தார். பேசும்போது மாஜிஸ்திரேட் குரல் இல்லை.

"ஆறு மாசமா ஓட்டக் கத்துக்கிட்டேன். இந்த வயசுல, இந்த ஒசரத்துல, திண்டு வச்சு ஓட்டுறேன்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும்னு ஞானமுத்துகிட்ட வாக்கு வாங்குனேன். யாருகிட்டயும் சொல்லிறாதடான்னேன். வியாழக்கெழமை அவன் இல்ல. தனியா ஒரு நாளாவது ஓட்டிப் பாத்துரணும்னு ஆசை. வலது வெளக்கு எரியாதுன்னு தெரியும். இருட்டுறதுக்குள்ள திரும்பிரலாம்னு நெனச்சேன். வெளக்கில்லாம வந்தவனுக்கெல்லாம் அபராதம் போட்டவன் நான். அன்னைக்கு அங்க நின்னிருந்தா அடுத்த நாள் எந்த மூஞ்சியோட பெஞ்சில உக்காருவேன்? ஓடிட்டேன். காலையில ஸ்பேர் கண்ணாடி மாட்டும்போது பழைய சில்லு வெரலைக் கிழிச்சிருச்சு. போலீஸு வந்து கேட்டப்ப, வாயில மொதல்ல வந்த பேரைச் சொல்லிட்டேன்."

"வாயில வந்த பேரா?" என்றாள் பாக்கியம். அவ்வளவுதான் சொன்னாள். உக்கிரபாண்டி அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகக் காட்டவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு கான்ஸ்டபிள்களுக்குக் கண்ணைக் காட்டினார். அவர்கள் ஞானமுத்துவை விட்டு விலகினார்கள். "அய்யா, ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார் உக்கிரபாண்டியிடம். காளை கார்க் கதவைத் திறந்து பிடித்தான். உக்கிரபாண்டி பின் இருக்கையில் ஏறினார். ஒச்சம்மாள், "நானும் வாரேன்" என்று சொல்லிக் கதவோரச் செருப்பைக்கூடத் தேடாமல் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். காளை ஓட்ட, போலீஸாரோடு கார் போய்விட்டது.

ஷெட்டில் நால்வர் மட்டும் இருந்தார்கள். இன்பசேகரனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ஏம்ப்பா ஞானமுத்து, பெரியவருக்கு ஓட்டத் தெரியும்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நீ வாயை மூடிக்கிட்டு இருந்ததால நான் பாவம் அந்தக் காளைப் பயலைத் தூக்குலயே போட்டுட்டேன், மனசுக்குள்ள."

ஞானமுத்து தலையைச் சொறிந்தான். "அவருதான்னு நான் நெனைக்கவே இல்லைங்க சார். என் மேலயே புகார் குடுத்தவரு எப்படிச் செஞ்சிருப்பாரு? அதோட, வெளிய சொல்லமாட்டேன்னு மொதலாளிக்கு வாக்குக் குடுத்திருந்தேன். குடுத்த வாக்கை..."

அவன் முடிக்கவில்லை. பாக்கியம் அவன் நெஞ்சில் ஓர் அடி வைத்தாள். ஒன்பது மாதக்காரியின் அடி என்று சொல்ல முடியாது. ஞானமுத்து ஓரடி பின்னால் போனான்.

"மொதலாளிக்குக் குடுத்த வாக்கு! கோயில்ல சாமியார் முன்னாடி நின்னு எனக்குக் குடுத்தீகளே, அதுக்குப் பேரு என்ன? நீங்க உள்ள போயிருந்தா நான் இந்தப் புள்ளைய ஜெயில் வாசல்லயா பெத்துப் போட்டிருப்பேன்? அவுக பொண்டாட்டி, முன்னப்பின்ன தெரியாத எனக்காகக் கட்டுன புருசனைப் பாக்க வச்சுக்கிட்டே உண்மையைச் சொல்லுச்சு. கட்டுன நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொல்லலையே!"

அதுவரை அழாதவள், அப்போது அழுதாள். "தப்புதான் பாக்கியம்" என்று ஞானமுத்து சொன்னான்; அதையே இரண்டு முறை சொன்னான்.

லத்தீப் இன்பசேகரனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். வாசலில் ஜட்கா நின்றது. "இந்த வண்டியை அவர்களுக்கு விட்டுவிடுவோம் வாத்தியாரே. ஒன்பதாவது மாதத்தில் அவளை பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்" என்றார். இருவரும் விளக்குத்தூண்வரைக்கும் நடந்தே வந்தார்கள்.